கல் வைத்தவர்கள்

இறந்துபோன மனிதரின் தலையிலிருந்து எடுத்த கல், மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் பஞ்சுக்கு நடுவே வந்து சேர்ந்தது. ஆலையில் கற்களைப் பரிசோதிக்கிற ஜெசிந்தா அதை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. சுண்டுவிரல் நகத்தில் பாதிதான் இருக்கும். வெளிர் நீலம். நகைக்கடையில் வைத்தால் மூக்குத்திக்கு ஆகும் என்று யாராவது வாங்கிப் போய்விடுவார்கள்.

அந்த மனிதர் தஞ்சாவூரில் கணக்கு வாத்தியார். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்திருக்கிறார். வலிப்பு நிற்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. கல் வைத்த நாளிலிருந்து ஒரு தடவைகூட வலிப்பு வராதவர். இந்த மழைக்காலத்தில் இப்படி வந்த மூன்றாவது கல் இது.

கல்லைத் தாங்கியில் பொருத்தி, ஈயக் கதவைச் சாத்தி, எக்ஸ்ரே கதிரைத் திறந்தாள். திரையில் படம் மெல்லத் தெளிந்து வந்தது. வெள்ளையாக இருக்கவேண்டிய இடத்தில், ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை விசிறி விரித்தாற்போலக் கறுப்புக் கோடுகள். மற்ற இரண்டு கல்லிலும் இதே விசிறிதான். 

திருச்சியில் செயற்கைக் கல் ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. உலையில் தூளை உருக்கி, சொட்டுச் சொட்டாகப் படியவிட்டு நீலக்கல் வளர்ப்பதும் பழைய வித்தைதான். அந்தக் கல்லுக்குள் ஒளியை ஓட்டி, மூளையோடு பேசவைத்ததுதான் துவாக்குடிக்கு அப்பால் இருந்த இந்த ஆலை செய்த காரியம். காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சின்னதாகக் குழி எடுத்துக் கல்லைப் பதித்துவிடுவார்கள். வலிப்பு கிளம்பப் போவதைக் கல் முன்னாலேயே உணர்ந்து, மெல்லிய ஒளித்துடிப்பால் அதை அடக்கிவிடும். மாத்திரை கேட்காத வலிப்புக்கும் கல் கேட்டது. ஊர் அவர்களைக் 'கல் வைத்தவர்கள்' என்று சொல்லப் பழகியது. கல் வைத்தவர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள். ஏணி ஏறினார்கள். காவிரியில் இறங்கிக் குளித்தார்கள். ஜெசிந்தாவின் தம்பி அமலன் பள்ளிக்கூட வேன் ஓட்டினான்.

அந்த வேனை நினைத்ததும் அவளால் உட்கார முடியவில்லை.

ஆலையின் நிர்வாகி நாச்சியப்பன் அன்று சாயங்காலமே அவள் அறைக்கு வந்தார். படிப்பு வணிகம், கல்லைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொல்லித் தெரிந்ததுதான். படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது விரிசலா?"

"விரிசல் இல்ல சார். கல்லுக்குள்ள அணுவெல்லாம் செங்கல் அடுக்கின மாதிரி வரிசையா இருக்கும். ஒரு வரிசை பிசகிப்போச்சுன்னா அந்தப் பிசகுதான் இப்படிக் கோடா தெரியும். ஒண்ணு ரெண்டு இருந்தா ஒண்ணும் ஆகாது. இப்படி ஓடிப்போயிருந்தா ஒளி தாறுமாறா சிதறும். அடக்கவேண்டிய கல்லே வலிப்பைக் கிளப்பிவிட்டுடும்."

"இங்கேருந்து போகும்போது நல்லாத்தானே போச்சு?"

"நான்தான் படம் எடுத்து அனுப்பினேன். சுத்தமா இருந்துச்சு."

"அப்ப மத்தவங்க தலையில இருக்கற கல்லு?"

 அவளிடம் ஒரு யோசனை இருந்தது. அதை அவள்தான் சொன்னாள். வேறு யாரும் சொல்லவில்லை. தலையில் இருக்கும்போதே கல்லைப் படம் எடுக்க முடியும். தோலையும் எலும்பையும் தாண்டிப் போக இன்னும் வலுவான கதிர் வேண்டும். சாதாரண ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் கல் வெறும் நிழலாகத்தான் விழும், பிசகு தெரியாது. கல்லின் அடுக்குகளோடு சரியாகப் பொருந்துகிற கோணத்தில் கதிரை விடவேண்டும். அப்படி ஒரு நடமாடும் கருவி செய்ய ஆலையில் ஆள் இருக்கிறது. ஊர் ஊராக முகாம் போட்டு எல்லோரையும் பார்த்துவிடலாம்.

"செஞ்சுடுவோம். ஒருத்தர் விடாம பாத்துடுவோம்" என்றார் நாச்சியப்பன். அவர் முகத்தில் கொஞ்சம் இரத்தம் திரும்பியது.

முகாமுக்கு நாள் குறித்த அன்று வீட்டுக்குப் போனதும் அமலனிடம் சொன்னாள். அவன் காக்கிச் சட்டையோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"முத முகாம் பாலக்கரையில. நீதான் முதல்ல உக்காரணும்."

"பாக்கலாம்க்கா."

"என்ன பாக்கலாம்? மூணு பேர் செத்துருக்காங்கடா. உன் வேன்ல எத்தன பிள்ளைங்க வருது?"

அவன் தட்டைப் பார்த்தபடியே இருந்தான். "சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ் டிரிப் இருக்கும். வந்தா வரேன்" என்று எழுந்து கை கழுவப் போய்விட்டான். பயப்படுகிறான் என்று அவள் நினைத்தாள். பயந்தால் நல்லதுதான், அப்போதுதான் வருவான் என்றும் நினைத்தாள்.

நடமாடும் கருவி தயாரானதும், அதை இயக்கப்போகிறவர்களுக்குப் பழக்கிக்காட்ட இரண்டு புதுக் கற்களை எடுத்துவைத்தாள். இரண்டும் ஒரே உலையில், ஒரே நாளில் வளர்ந்தவை. உடம்பின் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, காய்ச்சல்காரனின் உடம்பு போல இருக்கும்படி வெந்நீர்த் தொட்டியில் அவற்றைப் போட்டு, ஒளி சரியாகத் துடிக்கிறதா என்று காட்டும் சின்ன மானியை ஒவ்வொன்றிலும் இணைத்துவைத்தாள். பழகுவதற்கு ஒன்றை மட்டுமே திரும்பத் திரும்பப் படம் எடுத்தார்கள். மற்றது சும்மா கிடந்தது.

முகாம் நாள் காலையில் கற்களைப் பெட்டியில் எடுத்துவைக்கப் போனபோதுதான் கவனித்தாள். சும்மா கிடந்த கல்லின் மானியில் பச்சை விளக்கு நிதானமாகத் துடித்துக்கொண்டிருந்தது. படம் எடுத்த கல்லின் விளக்கு நின்றது, பதறியது, மறுபடி நின்றது.

கம்பி கழன்றிருக்கும் என்று நினைத்து மானிகளை இடம் மாற்றிப் போட்டாள். பதற்றம் கல்லோடேயே போயிற்று.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கணினியில் இறந்தவர்களின் கற்களுடைய பழைய படங்களைத் திறந்தாள். இத்தனை நாளும் ஒவ்வொரு கல்லுக்கும் கடைசியாக எடுத்த சுத்தமான படத்தை மட்டுமே பார்த்திருந்தாள். அதற்கு முன்னால் இன்னொரு படம் இருந்தது, மூன்றுக்குமே. முதல் படம் கொஞ்சம் மங்கலாக விழுந்ததால் சந்தேகப்பட்டு மறுபடி எடுத்தது. அவளே எடுத்தது. மற்ற கற்களை அநேகமாக ஒரே ஒரு தடவைதான் பார்த்து அனுப்பியிருந்தாள்.

பிசகைக் காட்டிக்கொடுத்த கதிர்தான் பிசகை விதைத்திருந்தது. முதல் தடவை ஒரு புள்ளி. இரண்டாம் தடவை அந்தப் புள்ளிக்கு ஓடக் கற்றுக்கொடுத்துவிடுகிறது. மீதியை உடம்பின் சூடு பார்த்துக்கொள்கிறது. கல் வைத்த அத்தனை பேருக்கும் முதல் தடவை முடிந்துபோயிருந்தது. இரண்டாம் தடவைக்காகத்தான் இன்று பாலக்கரையில் வரிசையில் நிற்கிறார்கள்.

நாச்சியப்பனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. கற்களை மானியோடு டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

முகாம் நடந்த கல்யாண மண்டபத்தின் வாசல்வரை கூட்டம். காதுக்குப் பின்னால் முடி வளராத அந்தச் சின்ன வட்டம் எல்லோருக்கும் இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு பெண், யூனிபாரம் போட்ட ஒரு கண்டக்டர், பட்டுப்புடவையில் ஒரு கல்லூரி ஆசிரியை. ஜெசிந்தா ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே உள்ளே போனாள். அமலன் இல்லை. மேடையில், மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற இடத்தில், கருவி நின்றது. ஒரு பெரியவரைத் தலையைச் சாய்த்து உட்காரவைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க. இன்னும் யாருக்கும் எடுக்கலையே?"

"இவர்தான் மேடம் முத ஆளு" என்றான் கருவியின் அருகே நின்றவன்.

அவள் மின்சாரச் சுவிட்சை அணைத்துவிட்டு மேடையோரம் நின்ற நாச்சியப்பனை மணமகள் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். டப்பாவைத் திறந்து அலங்கார மேசைமேல் வைத்தாள். கண்ணாடியில் இரண்டு பச்சை விளக்குகளும் நான்காகத் தெரிந்தன. காலையில் கண்டதையெல்லாம் அவள் சொல்லிமுடித்தாள்.

"பாக்காம விட்டா கொலை, பாத்தாலும் கொலைன்னு சொல்றீங்களா ஜெசிந்தா?"

"பாக்காம விட்டா பல பேர் தப்பிச்சுடுவாங்க சார். பாத்தா ஒருத்தரும் தப்பிக்க மாட்டாங்க. இந்தக் கருவியோட கதிர் நம்ம ஆலைக் கதிர் மாதிரி இல்ல, அதைவிட வலு. எத்தனை நாள் தாங்கும்னுகூடச் சொல்ல முடியாது."

"வெளிய நிக்கறவங்ககிட்ட இதை எப்படிச் சொல்றது? நாமளே கூப்பிட்டோம். இப்ப போங்கன்னா, எதையோ மறைக்கறோம்னுதான் நினைப்பாங்க."

"நினைக்கட்டும்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வெளியே மைக்கில் யாரோ வரிசையில் நிற்கச் சொல்லும் சத்தம் கேட்டது. திடீரென்று ஞாபகம் வந்தவர்போல நிமிர்ந்தார்.

"உங்க தம்பி கல்லு?"

அவள் காலையிலிருந்து அந்தக் கேள்வியின் பக்கம் போகாமலேயே ஓடிவந்திருந்தாள்.

"தம்பிக்குன்னு நானே பொறுக்கின கல்லு சார் அது. மனசு ஒப்பவே இல்ல. ஒவ்வொரு நாளும் படம் எடுத்து எடுத்துப் பாத்தேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள்கூட."

நாச்சியப்பன் எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டார்.

மைக்கை வாங்கி அவள் உள்ளதைச் சொன்னாள். யாருக்கும் புரியாத வார்த்தை ஒன்றுகூட இல்லாமல்தான் சொன்னாள். கூட்டம் முதலில் அமைதியாகக் கேட்டது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர், "மூணு பேர் செத்ததுக்குக் காரணம் சொல்ல வந்தா, பாத்தாலே கெட்டுடும்னு கதை விடுறீங்களா?" என்றார். அதோடு எல்லோரும் பேச ஆரம்பித்தார்கள். மணப்பாறையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறோம். வேலைக்கு லீவு போட்டிருக்கிறோம். கல் நன்றாக இருக்கிறது என்று எழுதிக்கொடுத்தால்தான் முதலாளி திரும்பச் சேர்ப்பான். கண்டக்டர் மேடையேறிவிட்டார். கருவியை இயக்குகிறவனின் தோளைப் பிடித்து, "எனக்கு எடு. என் தலை, என் இஷ்டம்" என்றார்.  அவரைத் தள்ளிக்கொண்டு இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். கருவி உறுமிக்கொண்டு சூடேறத் தொடங்கியது.

கைக்குழந்தைக்காரி ஜெசிந்தாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "பாக்காம அனுப்பிடாதீங்கம்மா. ராத்திரியெல்லாம் தூக்கம் இல்ல. நான் விழுந்தா இவ மேலதான் விழுவேன்."

அந்த முகத்தைப் பார்த்தபோது ஜெசிந்தாவுக்கு ஒன்று விளங்கியது. எவ்வளவு சொன்னாலும் இவர்கள் போகமாட்டார்கள். இவள் இடத்தில் தான் இருந்திருந்தாலும் போயிருக்கமாட்டாள். இரண்டு பேரை விலக்கிக்கொண்டு கருவியின் பின்பக்கம் போனாள். சுவிட்சை அணைத்து, மூடியைக் கழற்றி, கதிர்க்குழாயை உருவி எடுத்தாள். கனத்த கண்ணாடி. இன்னும் சூடாக இருந்தது. விரல்கள் பொசுங்கின. மேடையின் சிமெண்ட் தரையில் அதைப் போட்டாள்.

சத்தம் பெரிதாக இல்லை. ஆனால் மண்டபம் அடங்கிவிட்டது.

கண்டக்டர் அவளை அடிக்கக் கை ஓங்கினார். அடிக்கவில்லை. படியில் உட்கார்ந்து அழுதார்.

மெல்லக் கூட்டம் கலைந்தது. போகிறவர்களில் சிலர் அவளைத் திட்டினார்கள். அவள் தன் கைப்பேசி எண்ணைச் சொல்லிக்கொண்டே வாசலில் நின்றாள், வாங்கிக்கொண்டவர்கள் கொஞ்சம்தான். கடைசியாக அந்தக் கைக்குழந்தைக்காரி வந்தாள்.

"அப்ப எனக்கு ஆகுமா ஆகாதான்னு எப்பதாம்மா தெரியும்?"

"தெரியாதும்மா" என்றாள் ஜெசிந்தா. அதைவிடக் கொடுமையான ஒரு பதிலை அவள் யாருக்கும் சொன்னதில்லை. "ஒரு தடவைதான் பாத்த கல்லுன்னா பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

மற்ற ஊர் முகாம்களையும் நிறுத்தச் சொல்லி நாச்சியப்பன் ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் ஆட்டோ பிடித்தாள். அமலனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. வழியில் மஞ்சள் நிறத்தில் எந்த வேன் எதிரே வந்தாலும் அவள் கண் டிரைவர் சீட்டுக்குப் போயிற்று. ஒரு இடத்தில் கூட்டம் கூடியிருந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தாள். கரும்பு வண்டி குடைசாய்ந்து கிடந்தது. ஏறி உட்கார்ந்து அமலனின் எண்ணை மறுபடி அழுத்தினாள்.

அமலன் வீட்டில் இருந்தான். துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தான்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கதிர் என்ன செய்கிறது என்பதை. அவன் கல்லைத் தான் எத்தனை தடவை பார்த்தாள் என்பதை. "இன்னைக்கே போய் உனக்குக் கல்லு வெச்ச டாக்டர் ஷகிலாவைப் பாக்கணும். கல்லை எடுத்துடலாம். இனி வேனைத் தொடாத. ஸ்கூலுக்கு நான் பேசிக்கறேன்."

அவன் மடித்த சட்டையைக் கட்டிலில் வைத்தான்.

"நான் வேன் ஓட்டலக்கா."

"இனிமே ஓட்டாதன்னுதான் சொல்றேன்."

"இல்ல, ஸ்கூல் தொறந்ததுலேர்ந்தே ஓட்டல. ரஹ்மத்துல்லா பாய்தான் ஓட்டறாரு. நான் பக்கத்துல உக்காந்து பிள்ளைங்கள ஏத்தி இறக்கி விடுறேன்."

அவளுக்குப் புரியவில்லை. தினமும் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு போனானே.

"லீவுல ஒரு நாள் வண்டி கழுவிட்டிருந்தேன். நாக்குல இரும்பை வெச்ச மாதிரி ஒரு கசப்பு. அப்புறம் நம்பர் பிளேட்டைப் பாக்கறேன், எழுத்து தெரியுது, என்னன்னு படிக்கத் தெரியல. கொஞ்ச நேரம்தான். சரியாயிடுச்சு. அப்புறம் மறுபடி வந்துச்சு. அன்னைக்கே சாவியைக் குடுத்துட்டேன்."

"எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

அமலன் அவளைப் பார்த்தான். சின்ன வயதில் வலிப்பு விட்டு எழுந்ததும் பார்ப்பானே, அதே பார்வை. யாரோ கோபித்துக்கொள்ளப் போகிறார்கள் என்பதுபோல.

"இந்தக் கல்லுன்னா உனக்கு உசிரு. ஊரெல்லாம் பெருமையாச் சொல்லிட்டுத் திரிவ. அதுவும் போக..." சற்றுத் தயங்கினான். "சொன்னா உடனே கூட்டிட்டுப்போய் அந்த மிஷின்ல உக்கார வெச்சிருப்பல்ல?"

ஜெசிந்தா கட்டிலில் உட்கார்ந்தாள். நடமாடும் கருவி ஆலையில் தயாராகி நின்ற நாட்கள் அத்தனையும் கண்முன்னே வந்தன. அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"ஆமாடா" என்றாள். "வெச்சிருப்பேன்."

டாக்டர் ஷகிலா மறுநாளே கல்லை எடுத்தார். எங்கே எப்படி இருக்கிறது என்று படம் எடுத்துப் பார்க்காமல், விரலால் தடவிப் பார்த்தே திறந்தார். இடுக்கியில் பிடித்துத் தூக்கியபோது கல் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி தட்டில் விழுந்தது என்று வெளியே வந்து சொன்னார். அவர் குரலே சரியாக இல்லை.

பழைய வலிப்பு திரும்ப வந்தது. சமையலறையில் ஒரு தடவை, குளியலறை வாசலில் ஒரு தடவை. ஜெசிந்தா அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, நிற்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். வேனில் பக்கத்துச் சீட்டும் போயிற்று.

அவள் வாசலில் சொல்லிவிட்டு வந்த எண்ணுக்கு முதலில் விவரம் கேட்டு யாரும் கூப்பிடவில்லை. வசைதான் வந்தது. கரூரில் கல் வைத்த தையல்காரர் ஒருவர் வலிப்பு வந்து விழுந்த செய்தி வந்த பிறகு அழைப்புகள் தொடங்கின. கசப்பு எப்படி இருக்கும், எழுத்து எப்படி மறக்கும், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் கை முதலில் மரத்துப்போகும். ஜெசிந்தாவுக்கு அதெல்லாம் தெரியாது. போனை அமலனிடம் கொடுத்துவிடுவாள். இப்போது அந்தப் போன் அவனிடமே இருக்கிறது, அவள் வேறொன்று வாங்கிக்கொண்டாள். பகல் முழுக்க ஜன்னல் ஓரம் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து பேசுகிறான். பெரும்பாலும் பயத்தில் கூப்பிடுகிறவர்கள். அவர்களிடம் கேட்கவேண்டியதைக் கேட்டு, சிரித்துப் பேசி வைத்துவிடுவான்.

ஒரு நாள் காலை அவள் ஆலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். முகம் மாறியது. அவளைப் பார்த்து, பேசாதே என்று கையைக் காட்டினான். எதிர்முனையில் ஒரு பெண் குரல் வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேசுவதும், பின்னால் ஒரு குழந்தை அழுவதும் ஜெசிந்தாவுக்கும் கேட்டது.

"சரிம்மா. கசக்குதுல்ல, தெரியுது" என்றான் அமலன் நிதானமாக. "இப்ப நான் சொல்றத மட்டும் செய்யுங்க. அடுப்பை அணைங்க. பாப்பாவைத் தொட்டில்ல விடுங்க. விட்டாச்சா? கதவைத் தொறந்து வெச்சுட்டுத் தரையில உக்காருங்க. எந்தத் தெருன்னு சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

மறுகையால் அவன் நீட்டிய துண்டுச் சீட்டில் ஒரு தெருவின் பெயர் கோணலாக எழுதியிருந்தது. அதை வாங்கிக்கொண்டு, தன் கைப்பேசியில் ஆம்புலன்ஸை அழைத்தபடியே ஜெசிந்தா படியிறங்கி ஓடினாள்.